புதுப்பிப்பு: வீடு வாங்கலாமா என்று கேட்டிருந்தேனே

நானும் கணவரும் முதல் வீடு வாங்க நினைக்கிறோம், ஆனால் பேச உட்கார்ந்தாலே சண்டையில் முடிகிறது, என்ன செய்வது என்று மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தேன். வாங்குவதற்கு முன்பே தவணை கட்டிப் பழகிப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். அதைத்தான் செய்தோம்.

வரப்போகும் மாதத் தவணையிலிருந்து இப்போதைய வாடகையைக் கழித்து, மிச்சத்தைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டோம். முதல் மாதம் ஜோராகப் போனது. இரண்டாம் மாதம் வாஷிங் மெஷின் பழுதானது. அந்தக் கணக்கிலேயே கை வைக்க வேண்டியதாயிற்று. "கடன் வாங்காதப்பவே இப்படியா?" என்றார் அவர். வழக்கமாக நான் கத்தியிருப்பேன். அன்று வாயே திறக்கவில்லை.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் முதல் தவணையில் ஏறக்குறைய 83 சதவீதம் வட்டிக்கே போகிறது. மொத்தமாகக் கட்டி முடிப்பது வாங்கிய தொகையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இது தெரியாமலா பால்கனி எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று அடித்துக்கொண்டோம்!

சரி, இப்போதைக்கு வாங்கவில்லை. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கிய பிறகு, முன்பணத்தையும் கூட்டிக்கொண்டு மறுபடி பார்க்கலாம் என்றிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கப் போவதையும் நிறுத்திவிட்டோம், நன்றாகத் தூங்குகிறோம். பால்கனி விவகாரம் மட்டும் இன்னும் தீரவில்லை.