அமெரிக்காவில் ஒரு பெண்கூட அதிபர் ஆகவில்லையே, ஏன்?

முத்தியால்பேட்டை அப்பா:
புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் பேச்சுப்போட்டிக்குத் தயாராகிறாள். அமெரிக்காவில் 1920-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தாச்சு. ஆனால் 2016-ல் ஹிலாரி கிளின்டன் தோற்றார், 2024-ல் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸும் தோற்றார். "அந்த ஊர் ஜனங்களுக்குப் பொம்பளைன்னாலே ஆகாதாப்பா?" என்கிறாள். என்ன சொல்ல?

நியூஜெர்சி நெய்வேலிக்காரன்:
அண்ணா, ஹிலாரிக்கு டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு விழுந்தது. ஆனால் அங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாக ஒதுக்கிய தேர்வாளர்கள். அந்தக் கணக்கில்தான் தோற்றார். 1920-ஐயும் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். தென் மாநிலக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

முன்னாள் தலைவி, கடலூர் மாவட்டம்:
அண்ணே, 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து ஐந்து வருஷம் ஊராட்சித் தலைவராக இருந்தவள் நான். ஓட்டுப் போடுகிற ஜனம் எனக்குத் தடையே இல்லை. பத்து வருஷம் அதே ஊரில் மகளிர் குழு நடத்தினேன். தேர்தலில் நில்லு என்று ஒருத்தர் சொன்னதில்லை. பெண்களுக்கு ஒதுக்கின ஊராட்சி என்று அறிவிப்பு வந்த மறுநாள் வீடு தேடி வந்தார்கள்.

அமெரிக்காவில் அந்த அறிவிப்பே கிடையாது. கட்சிக்குள் ஒரு தேர்தல், அப்புறம் பொதுத்தேர்தல், இரண்டுக்கும் நன்கொடை திரட்டி அலைய வேண்டும். பதவியில் இருப்பவர் மறுபடி நின்றால் பெரும்பாலும் அவரே ஜெயிப்பார், அவர் அநேகமாக ஆண். நின்ற பெண்கள் ஆண்கள் அளவுக்கு ஜெயிக்கத்தான் செய்கிறார்கள் என்று அங்கே ஆய்வுகள் சொல்கின்றன. நிற்பவர்கள்தான் குறைவு. 435 பேர் கொண்ட கீழவையில் பெண்கள் இன்னும் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை.

நிற்கணும் என்றால் பிள்ளையை யார் பார்ப்பது? மனு பரிசீலனை அன்று என் சின்னவன் ஒன்றிய அலுவலக வேப்பமரத்தடியில் மாமியார் மடியில் கிடந்து கத்துகிறான். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை, அவன் அழுகைதான் விழுந்தது. 2018-ல் நியூயார்க்கில் லியூபா கிரெச்சன் ஷெர்லி என்ற வேட்பாளர், பிள்ளை பார்க்கும் ஆளுக்குத் தேர்தல் நிதியிலிருந்து சம்பளம் தரத் தேர்தல் ஆணையத்திடம் அனுமதி வாங்கினார் என்று படித்தபோது அழுதுவிட்டேன். அதே வருஷம் செனட்டர் டாமி டக்வொர்த் கைக்குழந்தையோடு அவைக்குள் வர விதியையே திருத்தினார்கள். பதவியில் இருக்கும்போதே பிள்ளை பெற்ற முதல் செனட்டர் அவர்.

முத்தியால்பேட்டை அப்பா:
ஜெயித்து உள்ளே போய்விட்டால் சரியாகிவிடுமா அக்கா?

முன்னாள் தலைவி, கடலூர் மாவட்டம்:
எங்கே! காசோலையில் கையெழுத்து என்னுடையது, பேச வருகிறவர் "வீட்டுக்காரர் இல்லீங்களா?" என்பார். ஊராட்சிக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. கூட்டம் இருந்தால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். அமெரிக்காவிலும் இதே கதைதான். நான்சி பெலோசி 2007-ல் கீழவைச் சபாநாயகர் ஆனார். கீழவை மண்டபத்துக்குப் பக்கத்தில் பெண் உறுப்பினர்களுக்குக் கழிப்பறை வந்தது 2011-ல்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீங்க. உங்கள் புதுச்சேரியில் 2006-க்கு அப்புறம் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. எனக்கு முதல் படி அதுதான். உங்கள் மகளுக்கு எது?

முத்தியால்பேட்டை அப்பா:
அவளிடம் படித்துக் காட்டினேன். எழுதி வைத்திருந்த முதல் பத்தியை அடித்துவிட்டாள். வேப்பமரத்தடியைச் சொல்லலாமா என்று கேட்கிறாள்.

முன்னாள் தலைவி, கடலூர் மாவட்டம்:
தாராளமா சொல்லட்டும். என் பெயர் வேண்டாம். மாமியாரை மட்டும் விட்டுவிட வேண்டாம்.