லிவர் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அண்ணனுக்குக் கொடுத்த தம்பி, மதுரை

கல்லீரல் மாற்று சிகிச்சை என்று தேடினால் வாங்கியவர்கள் கதைதான் வருகிறது. கொடுத்தவன் பக்கத்தை நான் தொடங்கி வைக்கிறேன். மற்றவர்களும் எழுதுங்கள்.

அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி கிருமியால் வந்த சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய். வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு, எடுக்க எடுக்க நிரம்பியது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காக, தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் பதிந்தோம். ஆனால் அண்ணன் உடம்பு அவ்வளவு நாள் தாங்காது என்றார் டாக்டர். என் ரத்த வகை பொருந்தியது. அம்மா வழியாக வந்த கிருமி என்றால் எனக்கும் இருக்கலாம் என்று முதலில் அதைத்தான் சோதித்தார்கள். இல்லை.

அப்புறம்தான் தடங்கல். நான் குடிப்பதே கிடையாது, ஆனாலும் கல்லீரலில் கொழுப்பு. சிடி ஸ்கேன் டாக்டர் திரையில் காட்டினார்: நல்ல கல்லீரல் பக்கத்தில் உள்ள மண்ணீரலைவிட வெளுப்பாகத் தெரிய வேண்டும், என்னுடையது கறுத்திருந்தது. கொழுப்புப் படிந்த கல்லீரலை வெட்டி வைத்தால் வாங்கியவர் உடம்பில் சரியாக வேலை செய்யாது, என்னிடம் மிஞ்சுவதும் ஒழுங்காக வளராது என்றார். மாத்திரை எதுவும் தரவில்லை. சோற்றைக் குறைத்து, இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் நிறுத்தி, காலையும் மாலையும் நடந்தேன். அடுத்த ஸ்கேனில் நிறம் மாறியிருந்தது.

பிறகு எடைக் கணக்கு. வெட்டிக் கொடுக்கும் துண்டின் எடை, வாங்குபவரின் உடல் எடையில் 0.8 சதவீதமாவது இருக்க வேண்டும். அண்ணன் 70 கிலோ, ஆக குறைந்தது 560 கிராம். என் கல்லீரலில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் எனக்கு மிஞ்ச வேண்டும். கல்லீரலின் வலப்பக்கம் கொடுப்பவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கு உயிராபத்து என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கையும் மறைக்காமல் சொன்னார்கள். யாராவது வற்புறுத்தினார்களா, பணம் பேசினீர்களா என்று கேமரா முன் கேட்டார்கள். என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

வலப்பக்கம் எடுத்தால் பித்தப்பையும் கூடவே போகும். ஆபரேஷன் முடிந்ததும், நுரையீரல் பயிற்சிக்காக மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை வாயில் வைத்து மூச்சை உள்ளிழுக்கச் சொன்னார்கள். முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். தொப்புளுக்கு மேலே தொட்டால் இன்னும் மரத்த மாதிரி இருக்கிறது. 'லிவர் திரும்ப வளர்ந்துடும்ல' என்று எல்லாரும் கேட்கிறார்கள். வெட்டிய வலப்பக்கம் முளைப்பதில்லை. மிஞ்சிய இடப்பக்கம்தான் இரண்டு மூன்று மாதத்தில் பெருத்து, பெரும்பாலும் பழைய அளவை எட்டுகிறது.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு அண்ணனுக்கு மருத்துவமனையிலிருந்து ஓயாமல் போன் வந்தது. என்னை ஒருவரும் விசாரிக்கவில்லை. நானாகத்தான் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறேன். கொடுக்கப்போகிறவர்கள், பிற்பாடு உங்களை யார் பார்ப்பார்கள் என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கணவருக்குக் கொடுத்தவர், ஈரோடு

நீங்களாவது ஓய்வெடுத்திருப்பீர்கள், தம்பி. நம் வீடுகளில் கொடுத்தவளே அடுப்படிக்குப் போய் வாங்கியவருக்குக் கஞ்சி வைக்க வேண்டியிருக்கிறது. மூன்று மாதம் குடம் தூக்காதே என்றார் டாக்டர். அதை என் மாமியாரிடமும் ஒருமுறை சொல்லுங்கள் என்று அவரிடமே கேட்டேன். சொன்னார், வேலை செய்தது.

வாங்கியவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. புதுக் கல்லீரலை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை எங்கள் வீட்டில் காலை எட்டு, இரவு எட்டு. ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில், காலை மாத்திரையைப் போடாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஆரம்பத்தில் இவருக்குக் கை நடுங்கி, டம்ளர் பிடிக்க முடியவில்லை. அளவைக் குறைத்ததும் நின்றது. பக்கத்து வீட்டு அக்கா ஆசையாகப் பம்ளிமாஸ் கொண்டுவந்தார். அது மருந்தின் அளவை ஏற்றிவிடும், திருப்பிக் கொடுத்தேன். 1984-இல் ஜப்பானில் சுகுபா என்ற ஊரின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து எடுத்த மருந்தாம் இது. எங்கேயோ கிடந்த மண், இவர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது.

குழந்தையின் அம்மா, காரைக்குடி

எங்கள் பெண் பிறந்ததிலிருந்தே மஞ்சள். 'பச்சைக் குழந்தைக்குச் சகஜம், இளவெயிலில் காட்டு' என்றார்கள். மலம் சுண்ணாம்பு நிறத்தில் போனதை யாரும் பொருட்படுத்தவில்லை. பித்தநாளம் அடைபட்ட நோய் அது. ஜப்பானிய டாக்டர் கசாயி கண்டுபிடித்த அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். நாங்கள் போனபோது அது கடந்துவிட்டது. அவள் அப்பாவின் இடப்பக்கத்தில் ஒரு சிறு பகுதிதான் காப்பாற்றியது. 1998 நவம்பரில் தில்லியில் நடந்த, இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று சிகிச்சையும் இதே நோய்க்குத்தான். காஞ்சிபுரத்துக் குழந்தை, கொடுத்தவர் அப்பா. அந்தப் பையன் இப்போது டாக்டர் என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இறங்காவிட்டால் ரத்தத்தில் நேரடி பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியின் அளவைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், சென்னை

தம்பியின் அண்ணன் கீழாநெல்லி சாப்பிட்டாரா? கேட்பதற்குக் காரணம் உண்டு. 1988-இல் சென்னையில் எஸ்.பி.தியாகராஜன் குழு ஹெபடைடிஸ் பி கிருமி தாங்கிகளுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தது. சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். எங்களுக்கெல்லாம் அப்போது ஒரே பெருமை. ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பெயர் மூலிகைக்குப் போகும். நாள்பட்ட பி அப்படி இல்லை.

அண்ணனுக்குக் கொடுத்த தம்பி

சாப்பிட்டார் சார், பத்தியத்தோடு. இப்போது கிருமியை அடக்கும் எண்டெகாவிர் மாத்திரை, மாற்று செய்த பிறகும் விடக்கூடாது என்கிறார்கள். ஈரோடு அக்கா, தழும்பு அரிப்புக்கு என்ன போடுகிறீர்கள்?

கணவருக்குக் கொடுத்தவர்

தேங்காய் எண்ணெய்தான் தம்பி. புண் முழுக்க ஆறிய பிறகு, டாக்டரிடம் காட்டிவிட்டுத் தடவுங்கள்.