மாலையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் 9 மாத மகள்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

26 வார விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பி 3 மாதம் ஆகிறது, பகலெல்லாம் மகளைப் பார்த்துக்கொள்வது என் அம்மாதான். மாலையில் ஓடி வந்து கையை நீட்டினால் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். ஆனால் காலையில் நான் செருப்பை மாட்டினாலே வீறிட்டு அழுகை. இது என்ன கணக்கோ!

இந்த வயதில் பிரிவுப் பதற்றம் வருவது சகஜம், ஒருவரோடு மட்டுமல்லாமல் பாட்டி, அப்பா என்று பலரோடும் குழந்தைக்குப் பிணைப்பு உண்டாகும் என்றெல்லாம் படித்தேன். சரி, நிம்மதி. அப்புறம்தான் மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் பற்றிப் படித்தேன். 1950களில் உகாண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் அவர்கள் வீடுகளுக்கே போய்க் கவனித்தவர். பின்னாளில் அவர் செய்த சோதனையில், பிரியும்போது வரும் அழுகையைவிட அம்மா திரும்பி வரும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தாராம். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு (நடுராத்திரியில் படித்தது என் தப்பு).

வந்ததும் தூக்கிவிடலாமா, அவளாக வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமா? காலையில் அவள் பார்க்காதபோது நழுவிவிடு என்கிறார் அம்மா, எனக்கு மனசு ஒப்பவில்லை. டாட்டா சொல்லிவிட்டே கிளம்பியவர்கள் இருந்தால், அழுகை அடங்க எத்தனை நாள் ஆனது என்று சொல்லுங்கள்.