‘தி பாய்ஸ்’ காமிக்ஸ்: தோலுரிப்பா, சேற்றை வாரிப் பூசுவதா?

மைக்கூடு:
சூப்பர் ஹீரோக்களை அடக்கப் புறப்படும் ஒரு ரகசியக் குழுவின் கதையாக கார்த் என்னிஸ் எழுதிய ‘தி பாய்ஸ்’ காமிக்ஸின் 72 இதழ்களையும் படித்து முடித்துவிட்டேன். மனம் கசந்து கிடக்கிறது. டிசி நிறுவனத்தின் சூப்பர் ஹீரோக் குழுவான ஜஸ்டிஸ் லீகை அப்படியே உரித்து வைத்த ‘தி செவன்’ குழுவைப் பாருங்கள். சூப்பர்மேன் இடத்தில் ஹோம்லேண்டர் என்ற கொடியவன். மற்றவர்களில் பெரும்பாலோர் காமுகர்கள், கோழைகள். ஒருவன் தவறினால் அதில் கதை இருக்கிறது. முகமூடி போட்ட அத்தனை பேரையும் சாக்கடையில் தள்ளினால் அதற்கு வெறுப்பு என்றுதான் பெயர்.

பழைய பிரதி:
அத்தனை பேரையும் என்கிறீர்களே, செவனில் புதிதாகச் சேரும் நல்ல மனசுக்காரி ஸ்டார்லைட்டை எங்கே விட்டீர்கள்? முதல் இதழை இன்னொரு முறை புரட்டுங்கள். கதையின் நாயகன் ஹ்யூயி தன் காதலியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். செவன் குழுவின் ஏ-ட்ரெயின் மின்னல் வேகத்தில் ஒரு வில்லனைத் தள்ளிக்கொண்டு வந்து அவளைச் சுவரில் நசுக்கிவிடுகிறான். ஹ்யூயி இன்னும் கைகளைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறான். கைகள் மட்டும்தான் மிச்சம். எத்தனை காமிக்ஸில் கட்டடங்கள் சரிவதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறோம்! கீழே யார் நின்றார்கள் என்று ஒருநாளாவது கேட்டோமா? என்னிஸ் கேட்கிறார்.

அவர் குறி வைப்பது வீரர்களை மட்டும் அல்ல. அவர்களை வளர்க்கும் வாட்-அமெரிக்கன் ஓர் ஆயுத நிறுவனம். வீரர்களைப் புனிதர்களாகக் காட்டும் காமிக்ஸும் அந்தக் கதைக்குள்ளேயே அச்சாகிறது. நாம் சிறுவயதில் நம்பிய வண்ணப் பக்கங்கள் யாருக்குப் பயன்பட்டன என்ற கேள்வி அது. எனக்கு இந்தக் காமிக்ஸில் மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

அட்டைப்படம்:
இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். இந்த வழியில் முதலில் நடந்தவர் என்னிஸ் அல்லர். பேட் மில்ஸும் கெவின் ஓ’நீலும் 1987இல் ‘மார்ஷல் லா’வைத் தொடங்கினார்கள். வெளியிட்டது சூப்பர் ஹீரோக்களை விற்கும் மார்வெல் நிறுவனத்தின் எபிக் பிரிவு! நிலநடுக்கத்தில் சிதைந்த சான் பிரான்சிஸ்கோ. போருக்காகவே உருவாக்கப்பட்ட வீரர்கள், போர் முடிந்ததும் தெருவில் கும்பல் கும்பலாகத் திரிகிறார்கள். அவர்களை வேட்டையாடும் போலீஸ்காரனும் அதே போரிலிருந்து திரும்பியவன்தான். கையில் முள்கம்பியைச் சுற்றியிருப்பான். அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு. ‘தி பாய்ஸ்’ படித்துக் கசந்தவர்கள் இதைப் படியுங்கள். இதில் கோபத்துக்குக் காரணம் தெளிவாகத் தெரியும்.

மைக்கூடு:
‘மார்ஷல் லா’வை நானும் மதிக்கிறேன். போருக்கு அனுப்பியவர்கள்மேல் அதற்குக் கோபம். ஆனால் இதே என்னிஸ் ‘ஹிட்மேன்’ காமிக்ஸின் 34ஆம் இதழில் என்ன செய்தார்? கூலிக்குக் கொலை செய்யும் டாமி, கோத்தம் நகரக் கூரை ஒன்றில் சூப்பர்மேனைச் சந்திக்கிறான். ஒரே ஒரு மனிதனைக் காப்பாற்ற முடியாமல் போனதற்காக சூப்பர்மேன் உடைந்துபோய் இருக்கிறார். டாமி அவரைத் தேற்றுகிறான். சண்டை இல்லை, வெறும் பேச்சு. அதற்குக் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னரும் கிடைத்தது. குறையைக் காட்ட வக்கிரம் தேவையில்லை என்று தெரிந்தவர்தான் பிறகு ‘தி பாய்ஸ்’ எழுதினார். என் வருத்தமே அதுதான்.

பழைய பிரதி:
சூப்பர்மேன் மேல் அவருக்கு மதிப்பு இருப்பதால்தான் ஹோம்லேண்டர் இவ்வளவு சுடுகிறான். 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்த முதல் சூப்பர்மேன் என்ன செய்தார்? மனைவியை அடித்தவனைத் தூக்கி எறிந்தார். வாஷிங்டனில் செனட்டரை வளைக்கும் தரகரைப் பிடித்து உலுக்கினார். அவரை 130 டாலருக்கு விற்றுவிட்டு, பிற்காலத்தில் சீகல் வறுமையில் வாடினார். பிரிட்டிஷ் இதழுக்கு அவர் எழுதிய ஸ்பைடரைத்தான் (ஸ்பைடர்மேன் அல்ல) லயன் காமிக்ஸில் தமிழில் படித்தோம். குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கிய அந்தக் கூர்மண்டையரை நாம் வெறுத்தோமா?

அட்டைப்படம்:
ஒரு தகவல். ‘தி பாய்ஸ்’ 2006இல் டிசியின் வைல்ட்ஸ்டார்ம் வெளியீடாகத்தான் தொடங்கியது. 6 இதழ்களோடு டிசி கைகழுவியது. டைனமைட் என்ற வேறொரு பதிப்பகம் எடுத்து நடத்தியது. சூப்பர்மேனை விற்கும் வீட்டில் அவரைத் தோலுரிக்க இடம் இல்லை.

மைக்கூடு:
ஸ்பைடரை வெறுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். செவன் குழு ஒரு விமானத்தைக் காப்பாற்றப் போய், பயிற்சியே இல்லாமல் அதைப் புரூக்ளின் பாலத்தில் மோதவிடும் அத்தியாயம் ஒன்று ‘தி பாய்ஸில்’ வருகிறதே, அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அத்தியாயத்துக்காக என்னிஸைக் கும்பிடுகிறேன். ஸ்டார்லைட்டைக் குழுவில் சேர்க்கும் முதல் நாளில் அவளுக்கு இழைக்கும் கொடுமையை வரைந்த விதத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீங்கள் அந்தப் பக்கங்களை எப்படிக் கடந்தீர்கள்?