ஐரிஷ் ஊர்க் கவிஞர்கள்: எழுதப்படாத பாட்டு எஞ்சியது எவ்வாறு?

கேள்வி:
அயர்லாந்தின் கிராமப்புறங்களில் கவி கட்டுவதில் பெயர் பெற்ற உழவர்களும் கூலியாட்களும் இருந்ததாகப் படித்தேன். அவர்களில் பலருக்கு எழுத்தறிவே இல்லையெனில், பாடல்கள் இன்றுவரை எஞ்சியது எவ்வாறு? அவை ஊர்வம்பு என்பதற்கு மேல் மதிக்கத்தக்கவைதாமா?

மறுமொழி 1:
பள்ளிப் பிள்ளைகளின் கையெழுத்தில் எஞ்சியவை ஏராளம். 1937 முதல் 1939 வரை, 1935இல் தொடங்கப்பட்ட ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் ஏற்பாட்டில், 26 மாவட்டங்களின் தொடக்கப்பள்ளி மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டவற்றைக் கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக எழுதி வந்தார்கள். 'உள்ளூர்க் கவிஞர்கள்' என்பது அதில் ஒரு தலைப்பு. தொகுப்பு இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பொறுப்பில் உள்ளது, இணையத்திலும் வாசிக்கலாம். கவிஞர் குடியிருந்த இடம், பாட்டுக்குக் காரணமான நிகழ்ச்சி, நினைவில் நின்ற இரண்டொரு கண்ணிகள் என்ற அளவிலேயே முடிந்துவிடும் பதிவுகளும் அதில் உண்டு. எனக்கு அந்தக் குறைப்பாட்டுகளே பிடிக்கும்.

மறுமொழி 2:
ஊர்வம்பு என்று ஒதுக்குவதற்கு முன் ராஃப்டரியைப் பாருங்கள். மேயோவில் பிறந்து, சிறுவயதில் அம்மையால் பார்வையிழந்து, கால்வே பகுதியில் பாடித் திரிந்து 1835இல் மறைந்தவர். 1828 செப்டம்பரில் அனக்டவுனிலிருந்து கால்வே சந்தைக்குக் கோரிப் ஏரி வழியே சென்ற படகில், ஓர் ஆட்டின் கால் பட்டுப் பலகை உடைந்தது. ஒருவர் தம் மேலங்கியை ஓட்டையில் திணித்துக் காலால் மிதிக்க, பலகையே பெயர்ந்து படகு மூழ்கியதாகச் சொல்வார்கள். ராஃப்டரியின் பாட்டு 11 ஆண்களையும் 8 பெண்களையும் எண்ணிச் சொல்லி, சிலரைப் பெயர் சொல்லியே அழுது, அவர்கள் மாண்ட இடத்தையே சபிக்கிறது. அந்த ஊருக்கு அது ஒப்பாரி மட்டுமன்று, இறப்புப் பதிவேடும்கூட. அவர் பாடல்களை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து 1903இல் நூலாக்கியவர் டக்ளஸ் ஹைட். பின்னாளில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானவரும் அவர்தான்.

மறுமொழி 3:
வசைப்பாட்டை விட்டுவிட்டீர்கள். ஐரிஷ் மொழியில் அதற்கு 'ஈர்' என்று பெயர். முறையற்ற வசைக்கு இழப்பீடு விதிக்கும் அளவுக்கு இடைக்காலச் சட்டமே அதற்கு அஞ்சியது. கவிஞர் பாடினால் எலிகள்கூட வீட்டைக் காலி செய்து அடுத்த ஊருக்குப் போய்விடும் என்ற நம்பிக்கை பிற்காலம் வரை இருந்தது. சோறிடத் தயங்கிய கஞ்சன் அந்த ஊரின் நாவில் மூன்று தலைமுறை அகப்பட்டுக் கிடந்தான் என்றால், பாட்டை யாரும் எழுதி வைக்க வேண்டியிருக்கவில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 'உள்ளூர்க் கவிஞர்கள்' தலைப்பில் மேயோ மாவட்டப் பதிவுகளிலிருந்து தொடங்குகிறேன்.