புதுப்பிப்பு: விண்டோஸ் சர்வீஸின் செட்டிங்ஸ் ஃபைலை எங்கே வைப்பது?

முந்தைய இழையின் கேள்வி: சர்வரில் ஓடும் சர்வீஸின் (பின்னணியில் தானாக ஓடும் மென்பொருள்) செட்டிங்ஸை மென்பொருள்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் வைப்பதா, விண்டோஸின் அமைப்புத் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியிலா? இரண்டும் வேண்டாம். சி டிரைவில் புரோகிராம்டேட்டா, அதற்குள் நிறுவனப் பெயர், அதற்குள் மென்பொருள் பெயர்.

புரோகிராம் ஃபைல்ஸில், சர்வீஸ்கள் ஓடுவதற்கான குறைந்த உரிமைக் கணக்கான லோக்கல் சர்வீஸால் எழுத முடியாது, ஆக்சஸ் டினைடுதான். கணக்குக்குக் கணக்கு தனியாக இருக்கும் கரன்ட் யூசர் ரெஜிஸ்ட்ரி இன்னும் மோசம். அட்மின் மாற்றுவது அவர் கணக்கில். விண்டோஸின் உள் கணக்கான லோக்கல் சிஸ்டமாக ஓடும் சர்வீஸ் படிப்பதோ அந்தக் கணக்கின் அடையாள எண்ணான எஸ்-1-5-18 என்ற கீயின் கீழ். மாற்றியும் மாறவில்லையே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளலாம். முழு முகவரி தராமல், தொடங்கும் ஃபோல்டரிலிருந்து தேடும் ரிலேட்டிவ் பாதையும் ஆகாது, சர்வீஸ் தொடங்கும் ஃபோல்டர் சிஸ்டம்32.

அன்று விட்டுப்போனது இது: புரோகிராம்டேட்டாவில் சாதாரணப் பயனரும் ஃபோல்டர் உருவாக்கலாம், உருவாக்கியவருக்கே அதில் முழு உரிமை. யாராவது முந்திக்கொண்டு அந்த ஃபோல்டரை உருவாக்கி வைத்தால் செட்டிங்ஸ் அவர் கையில். ஆகவே இன்ஸ்டாலரே ஃபோல்டரை உருவாக்கி, ஃபோல்டர் உரிமைகளை மாற்றும் ஐகேக்ல்ஸ் கட்டளையால் இன்ஹெரிட்டன்ஸை (மேல் ஃபோல்டரிலிருந்து வரும் உரிமைகளை) நீக்கட்டும். சிஸ்டத்துக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்கும் முழு உரிமை, சர்வீஸ் கணக்குக்குப் படிக்க மட்டும். ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தால், அதன் ஓனர் யாரென்று பார்க்காமல் இன்ஸ்டால் தொடரக் கூடாது.

செட்டிங்ஸில் உள்ள பாஸ்வேர்டுக்கு, விண்டோஸின் மறையாக்க வசதியான டிபிஏபிஐ போதுமா என்றால், மெஷின் அளவில் பூட்டியதை அந்த மெஷினில் லாகின் ஆகும் எவரும் திறக்கலாம். அங்கேயும் காவல் ஃபோல்டர் உரிமைதான்.