அகன்ற பாதத்துக்கு இரும்பு முனை பூட்ஸ் எங்கே கிடைக்கும்?

கேள்வி:
ஆறடி நான்கு அங்குல உயரமுள்ள எனக்கு, தொழிற்சாலையில் கட்டாயமான இரும்பு முனை பூட்ஸ் 11-ஆம் எண்ணுக்கு மேல் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. இருப்பதை அணிந்தால் சுண்டுவிரல் ஓரம் கொப்புளம் வந்துவிடுகிறது. பேருந்து இருக்கையில் முழங்கால் இடிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், நாள் முழுதும் நிற்கும் கால் பொறுக்குமா?

பதில் 1:
ஐயா, அகலம் போதவில்லை என்று நீளத்தைக் கூட்டி வாங்காதீர்கள். குதிகால் நழுவிப் புண்ணாகும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், வேலைக்கு அணியும் காலுறையோடு தாளின்மேல் நின்று, இரு பாதங்களின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்து, பெரிய பாதத்தின் அளவையே கொடுங்கள்.

பதில் 2:
ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதியில் ஏற்றுமதிக்குத் தைப்பவர்களிடம் ஐரோப்பிய அளவில் 47, 48 உண்டா என்று விசாரியுங்கள். போகப் போகத் தளர்ந்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தோல் தளரலாம், உள்ளிருக்கும் இரும்பு தளராது.

பதில் 3:
அளவுத் தாளின் நகலை நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடமும் எழுத்துமூலம் கொடுத்துவையுங்கள்.